நாலாக வெட்டிய வெள்ளிக் காசு

என் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன்; எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குளிர்நாட்டில், மோர்னிங்சைட் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினேன். அங்கே மெஷினில் நின்ற கிழவர் கரீபியனில் ஒரு சிறு தீவிலிருந்து வந்தவர். கழுத்தில் ஒரு வெள்ளித் துண்டு தொங்கும். மெஷினடியில் அது கூடாது என்பதால், வேலை முடியும்வரை என்னிடம் தந்துவைப்பார்.

அவருடைய தீவில் முந்திச் சொந்தக் காசு இல்லையாம். ஸ்பெயின்காரரின் வெள்ளிக் காசுதான். கப்பல்காரர் அதையும் அள்ளிக்கொண்டு போக, சந்தையில் மாற்றக் காசில்லை. ஒரு காசை நாலாக வெட்டி முத்திரை குத்தினார்கள். வெட்டின துண்டை வெளியூரில் முழு விலைக்கு எடுக்கமாட்டார்கள்; அதனால் அது தீவிலேயே நின்றது. பிறகு இங்கிலாந்து ஷில்லிங் வந்தது. உருக்குவதற்காகத் துண்டுகளை அரசாங்கம் திருப்பிக் கேட்டபோது அவருடைய முன்னோர் ஒருவர் ஒன்றை ஒளித்துவிட்டார்; கிழவரின் கழுத்தில் தொங்குவது அதுதான். இப்போது அங்கே பல தீவுகளுக்கும் பொதுவான டொலர் நோட்டு.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் பஸ்ஸுக்கு ஓட, இருவருமே மறந்துபோனோம். துண்டு நான் முகம் துடைக்கும் லேஞ்சியில் முடிந்தபடி சட்டைப் பையில் இருந்தது. சனி காலை பை வெறுமை.

"லேஞ்சியில முடிஞ்சு கிடந்ததை நேர்த்திக் காசெண்டு நேற்றே கோயில் உண்டியலில போட்டிட்டன்," என்றாள் மனைவி. "வேலை நிரந்தரமானா போடுறனெண்டு நீங்கள்தானே நேந்தது?"

கோயிலுக்கு ஓடினேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவன் நான். அலுவலகத்தில் மூவர் இருந்தார்கள். லேஞ்சி முடிச்சைத் திருப்பித் தரக் கேட்டேன்.

"உண்டியலுக்கை விழுந்தது சாமிக்குத்தான்," என்றார் கோயில் தலைவர்.

"போட்ட காசைத் திருப்பிக் கேக்கிற ஆளை இண்டைக்குத்தான் பாக்கிறன்!" பக்கத்தில் இருந்தவர் சிரித்தார்.

வாசல்வரை வந்துவிட்டேன். திங்கட்கிழமை கிழவர் நீட்டப்போகும் கை நினைவில் வந்தது. திரும்பினேன்.

"ஐயா, அது என்ரை காசில்லை. மற்றாளின்ரை. அதைச் சாமிக்குக் குடுக்க எனக்கு உரிமையில்லை."

தலைவர் உண்டியல் திறப்பை எடுத்தார். கொட்டிய குவியலை நால்வருமாகக் கிளறினோம். மஞ்சள் துணியில் முடிந்த நேர்த்திக் காசுகளாகவே வந்தன. கடைசியில்தான் என் நீல லேஞ்சி.

தலைவர் அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "உது காசே? தகரம் மாதிரிக் கிடக்கு," என்றார்.

"ஓம் ஐயா. அவையின்ரை தீவில ஒரு காலம் உதுதான் காசு."

திங்கட்கிழமை தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் கிழவரிடம் சொன்னேன். அவர் துண்டை வாங்கிக் கைக்குள் பொத்திக்கொண்டார். வேலை தொடங்கும் மணி அடித்தது. துண்டை மறுபடியும் என்னிடமே நீட்டினார்.

இந்த முறை அதை லேஞ்சியில் முடிந்துவைக்கவில்லை. சட்டைப் பைக்குள் போட்டுப் பை வாயில் ஊசி குத்தினேன்.

1997 கார்த்திகை 9