கதவைப் பார்த்துப் போட்ட நாற்காலி

அவருக்குப் பெற்றவர்கள் நல்ல பெயராகப் பார்த்துத்தான் வைத்தார்கள். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். விசில்காரர் என்றால்தான் திரும்புவார். அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் அவர்தான் காவல், அதுவும் மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து. கார் உள்ளே வந்தால் ஒரு ஊதல், வெளியே போனால் ஒரு ஊதல், பூனை குறுக்கே நடந்தால் அதற்கும் ஒன்று. குப்பை போட வெளியே போன வீட்டுக்காரர் திரும்பி வந்தாலும் விட மாட்டார். "யாரைப் பார்க்கணும்? எந்த மாடி?" என்று நிறுத்திவிடுவார். அந்த மனிதர் தன்னைத்தானே பார்க்க வந்திருப்பதாகச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

சும்மா சொல்லக்கூடாது, அவர் காவலில் ஒரு குண்டூசி காணாமல் போனதில்லை. ஆனால் இத்தனை வருடத்தில் அவர் ஒரு கதவைக்கூடப் பூட்டியதும் இல்லை. "பூட்டுறது வீட்டுக்காரங்க வேலை. வாசலைப் பார்க்கிறது என் வேலை" என்பார். நாற்காலியையும் எப்போதும் கட்டடத்துக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்துத்தான் போடுவார். திருடன் வெளியிலிருந்துதானே வருவான்? நியாயமான பேச்சு. வாசலுக்கு நியாயமான பேச்சு என்று சொல்ல வந்தேன்.

சிக்கல் தொப்பையில் ஆரம்பித்தது. ஒருநாள் மேலதிகாரிக்கு விறைப்பாக சல்யூட் அடித்தபோது கால்சட்டைப் பட்டன் தெறித்து அந்த மனிதரின் மூக்கில் பட்டது. அவர் மூக்கைத் தேய்த்துக்கொண்டே, "உனக்கு முன்னாடி உன் வயிறு டியூட்டிக்கு வந்துடுதுப்பா. குறை" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்றாவது மாடிக்காரர் அப்போது வீடு காலி செய்துகொண்டிருந்தார். வாங்கிய நாளிலிருந்து துணி காயப்போட மட்டுமே பயன்பட்ட டிரெட்மில் ஒன்று அவரிடம் இருந்தது. எடுத்துக்கொண்டு போ என்று கொடுத்துவிட்டார்.

கொடுக்கும்போது ஒரு வார்த்தையும் சொன்னார். "வீட்ல சின்னக் குழந்தை இருக்குல்ல? ஓடி முடிச்சதும் இந்தச் சிவப்புச் சாவியைக் கழட்டி உயரத்துல வெச்சிடுங்க. சாவி இல்லேன்னா மிஷின் ஓடாது. பிளக்கையும் பிடுங்கிடுங்க. பின்பக்கம் சுவத்தை ஒட்டிப் போடாதீங்க."

விசில்காரருக்குச் சுருக்கென்றது. "எனக்கேவா சார் பாதுகாப்பு சொல்லித் தர்றீங்க?" என்று கேட்டுவிட்டார். கேட்கத்தான் செய்வார். அவர் தலைக்கனம் அவரைவிட ஒரு சுற்று பெரியது.

வீடு என்பது ஒரு முன்னறை, ஒரு உள்ளறை, நின்றால் நிறைந்துவிடும் ஒரு சமையலறை. உள்ளறையில் பாதியை டிரெட்மில் பிடித்துக்கொண்டது. பின்பக்கம் சுவரை ஒட்டித்தான் நின்றது. வேறு எங்கே நிறுத்துவது, கூரையிலா? முதல் நாள் தொப்பி, பூட்ஸ், விசில் சகிதம் ஏறி ஓடினார். அவருடைய மூன்று வயது மகள், எல்லாருக்கும் குட்டி, கையைத் தட்டிக் குதித்தாள். "அப்பா ஓடுறாரு, ஆனா அங்கயே இருக்காரு!" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள்.

இங்கேதான் மனைவியின் அக்கா வருகிறார். குட்டிக்குப் பெரியம்மா. பிள்ளை இல்லாதவர், பேச்சில் கறார், மனசு மட்டும் வெண்ணெய். தங்கைக்கு ஒரு பேக்கரியில் வேலை கிடைத்திருந்தது. அதிகாலையில் போனால் மதியம் திரும்புவாள். விசில்காரருக்கு வேலை மதியத்துக்கு மேல்தான். ஆக, காலை முழுக்கக் குட்டி அப்பாவின் பொறுப்பு. பெரியம்மா இதைக் கேட்டதும் போனிலேயே கத்தினார். "அந்த மனுஷன்கிட்டயா? அதுவும் வீட்ல அந்த மிஷினை வெச்சுக்கிட்டா? ஒரு வாரம் கழிச்சு நான் வந்து பார்ப்பேன். சரியில்லேன்னா குட்டியை என்கூடக் கூட்டிட்டுப் போயிடுவேன். பள்ளிக்கூடம் போற வரைக்கும் என் வீட்லயே இருக்கட்டும்."

பெரியம்மா வீடு ரயிலில் ஒரு இரவு தூரம். விசில்காரருக்கு அன்று சோறு இறங்கவில்லை. குட்டி பேசிக்கொண்டே தூங்குவாள், தூங்கிக்கொண்டே உதைப்பாள், எழுந்ததும் அவர் மீசையைப் பிடித்து இழுத்து விடிந்துவிட்டதா என்று கேட்பாள். அவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

"வரட்டும். வந்து பார்க்கட்டும். ஈ காக்கா நுழையாது" என்று மீசையை நீவிக்கொண்டார்.

ஏற்பாடுகளைச் சொன்னால் சிரிப்பீர்கள். உள்ளறை வாசலில் ஒரு கயிறு. கயிற்றில் 'அனுமதி இல்லை' என்று ஓர் அட்டை. குட்டிக்கு எழுத்தே தெரியாது. அதனால் கீழே ஒரு புலியின் படம் வரைந்தார். அது பூசணிக்காய்க்குக் காது முளைத்த மாதிரி வந்தது. குட்டி அதற்குத் தினமும் முத்தம் கொடுத்துவிட்டுக் கயிற்றுக்குக் கீழே குனிந்து போய்வந்தாள். போனவளை இடுப்பில் தூக்கி வெளியே விடுவதே அவருக்கு வேலையாகிப் போனது. டிரெட்மில்லில் ஓடுவதைவிட இதில்தான் அதிகம் வேர்த்தது.

சாவியா? மிஷினிலேயே தொங்கியது. பிளக்கா? சுவரிலேயே இருந்தது. சாவி, பூட்டெல்லாம்தான் வீட்டுக்காரர்கள் வேலையாயிற்றே. அந்த வீட்டுக்காரர் தாமேதான் என்பது அந்தப் பெரிய மண்டைக்குள் ஏறவே இல்லை.

பெரியம்மா வருகிற நாளும் வந்தது. மனைவி வேலைக்குப் போய்விட்டாள். விசில்காரர் குட்டியைக் குளிப்பாட்டி, பாலும் பன்னும் கொடுத்து, அவளுடைய ரப்பர் பொம்மையோடு படுக்கவைத்துத் தட்டிக் கொடுத்தார். முன்னறையில் தெருச் சத்தம் அதிகம், ஆகவே உள்ளறை மெத்தையில். அவள் கண்ணை மூடினாள். உடனே இவர் சீருடை மாட்டினார், தொப்பி வைத்தார், நாற்காலியைத் தூக்கிவந்து உள்ளறை வாசலில், கயிற்றுக்கு இந்தப் பக்கம், தெருக்கதவைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல்.

அட மகராசா! யாருக்காகக் காவலோ அவளை மிஷினோடு சேர்த்து உள்ளே விட்டுவிட்டு, வெளியிலிருந்து யாரும் வந்துவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாரே! இந்தக் கூத்தை எந்தத் தகப்பனும் செய்ய மாட்டான். வாட்ச்மேனாக இருக்கிற தகப்பன்தான் செய்வான்.

தெருக்கதவு திறந்தது. பையும் குடையுமாகப் பெரியம்மா நின்றார்.

விசில்காரர் விறைத்து எழுந்தார். நாக்கு பழக்கத்தில் முந்திக்கொண்டது. "யாரைப் பார்க்கணும்? எந்த மாடி?"

"தம்பி, என்னைத் தெரியலையா உங்களுக்கு?"

"ஐயையோ, அக்கா! வாங்க வாங்க. பாருங்க, எப்படி ஏற்பாடு? இந்தக் கயிறைத் தாண்டி ஒரு குஞ்சு..."

"குட்டி எங்க?"

"உள்ளதான். தூங்குறா."

"மிஷின் எங்க?"

"அதுவும் உள்ள..." என்று சொல்லி வாயை மூடவில்லை, முதுகுக்குப் பின்னால் உர்ர்ர் என்று சத்தம் கேட்டது.

தூக்கமாவது ஒன்றாவது! அவள் கண்ணை மூடியது அப்பா எழுந்து போகட்டும் என்பதற்காக. பொம்மைக்கு வண்டி சவாரி காட்ட நினைத்து அதை மிஷினின் பட்டைமேல் படுக்கவைத்திருக்கிறாள். கைப்பிடியில் அப்பா அமுக்குகிற பச்சைப் பட்டன் அவள் கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருந்தது, அமுக்கிவிட்டாள். பொம்மை நகர்ந்து நகர்ந்து போய்ப் பின்பக்கம் சுவருக்கும் பட்டைக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. பட்டை அதைப் போட்டு அரைக்க, "வா, வா" என்று குட்டி குனிந்து அந்த இடுக்கை நோக்கிக் கையை நீட்டினாள்.

விசில்காரர் திரும்பிப் பார்த்தார். என்ன செய்தார் தெரியுமா? விசில் ஊதினார். குட்டிக்கு ஏக சந்தோஷம். ஒரு கையால் விசிலுக்குத் தாளம் போட்டுக்கொண்டே இன்னொரு கையை மேலும் நீட்டினாள்.

அப்புறம்தான் கால் நகர்ந்தது. கயிறு தடுக்கியது. தடுக்கிய வேகத்தில் மனிதர் அப்படியே மிஷின்மேல் குப்புற விழுந்தார். பட்டை அவரைச் சாக்குமூட்டை போலப் பின்னால் கொண்டுபோய்ச் சுவரில் சாத்தியது. இடுக்கு முழுவதையும் அந்தத் தொப்பை அடைத்துக்கொண்டது. குட்டியின் கை நுழைய இடமே இல்லை. மேலதிகாரி குறை குறை என்ற அதே தொப்பைதான், இன்றைக்குப் புண்ணியம் கட்டிக்கொண்டது. சட்டைப் பட்டன்கள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. "அக்கா! அக்கா!" என்று இவர் அலற, குட்டி "நானும்! நானும்!" என்று அப்பாவின் முதுகில் ஏறப் பார்த்தாள். பெரியம்மா குடையை எறிந்துவிட்டு ஓடிவந்து ஒரு கையால் குட்டியை வாரி, மறு கையால் பிளக்கைப் பிடுங்கினார்.

அறையில் சத்தம் அடங்கியது. விசில்காரர் வயிறெல்லாம் சிராய்ப்போடு புரண்டு உட்கார்ந்து பொம்மையை இழுத்து எடுத்தார். அதன் ஒரு கை தேய்ந்து, விரல்கள் இருந்த இடம் வழவழவென்று கறுத்திருந்தது. அவர் அந்தக் கையைப் பார்த்தார், குட்டியின் கையைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதார்.

"அப்பா, பொம்மைக்குத்தானே வலிக்கும்? நீ ஏன் அழற?" என்று குட்டி கேட்டாள்.

பெரியம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட விசில்காரர் தாங்கியிருப்பார். குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டே பெரியம்மா மெல்லச் சொன்னார். "தம்பி, தங்கச்சிகிட்ட இதைச் சொல்ல வேண்டாம். சொன்னா அவ வேலைக்கே போக மாட்டா. எவ்வளவு ஆசையா போறா. குட்டி என்மேல பாசமா இருக்கா, அதனால கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிக்கிறேன். உங்க மானமும் போகாது."

சொல்லிவிட்டுக் குட்டியின் துணிகளை எடுத்துத் தன் பையில் அடுக்க ஆரம்பித்தார். விசில்காரர் தடுக்கவில்லை. வயிற்றுக்கு மருந்து போடவும் தோன்றாமல், சாவியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மதியம் மனைவி வந்தாள். காதோரமெல்லாம் மாவு, கையில் ஒரு ரொட்டிப் பொட்டலம். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, இவர் எழுந்து நின்றுவிட்டார். பெரியம்மா கண்ணைக் காட்டினார், தொண்டையைச் செருமினார், காலைக்கூட மிதித்தார். இவர் நிறுத்தவில்லை. நாற்காலி, சாவி, விசில், இடுக்கு, பொம்மையின் கை, ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார்.

"தப்பு என்னுதுதான். நீ வேலையை விட வேண்டாம். குட்டி அக்காகூடப் போகட்டும்."

மனைவி டிரெட்மில்லின் ஓரத்தில் உட்கார்ந்தாள். குட்டியை இழுத்து மடியில் வைத்து, அவள் கையை விரித்து மூடி, விரித்து மூடி, ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அழுதாள். அழுது முடித்ததும் கணவனைப் பிடித்துத் திட்டினாள் பாருங்கள், மாடி வீட்டுக்காரர்கள் ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்டார்கள். தொப்பிக்கு, விசிலுக்கு, அந்தப் பூசணிக்காய்ப் புலிக்கு, தனித்தனியாகத் திட்டு விழுந்தது. விசில்காரர் அத்தனையையும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார்.

கடைசியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "இந்த மிஷின் இப்பவே வெளிய போகணும். குழந்தை இல்லாத வீடா பார்த்துக் குடுங்க, சாவியையும் கையில குடுத்து, எல்லாத்தையும் சொல்லிக் குடுங்க. நாளைக்கு நான் வேலைக்குப் போறேன்."

"குட்டி?"

"உங்ககூடத்தான் இருப்பா."

"என்னை நம்பியா?"

"அக்காவும் நீங்களும் சொல்லாம இருந்திருந்தா எனக்கு ஜென்மத்துக்கும் தெரிஞ்சிருக்காது. பொண்ணு போயிடுவான்னு தெரிஞ்சும் சொன்னீங்க பாருங்க, அந்த ஆளைத்தான் நம்புறேன். வாசல்ல உட்காருற ஆளை இல்ல."

பெரியம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. மறைக்கச் சொன்னவர் அவர்தானே. கொஞ்ச நேரம் பையின் ஜிப்பை இப்படியும் அப்படியும் இழுத்துக்கொண்டிருந்தார். அப்புறம் பையைத் திறந்து, குட்டியின் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் திரும்ப அடுக்கினார். பிறகு அடியிலிருந்து தன்னுடைய துணிகளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"ஒரு மாசம் இருந்துட்டுப் போறேன்" என்றார் விசில்காரரைப் பார்த்து. "குட்டியை நீங்க பாருங்க தம்பி. உங்களை நான் பார்க்கிறேன்."