பூஜ்யம் ரூபாய் கரண்ட் பில்

உடுமலைப்பேட்டையில் தனியாக இருக்கும் என் அக்காவுக்குக் கரண்ட் பில் கட்ட, வருடக்கணக்காகத் திருப்பூரிலிருந்து மணியார்டர்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். ஃபாரத்தின் அடியில் நாலு வரி எழுத இடம் விட்டிருப்பார்கள். 'காத்தாடி ஓடுன கரண்டுக்குப் போக மிச்சம் வெத்தலைக்கு' என்று ஏதாவது கிறுக்கி வைப்பேன். போஸ்ட்மேன் அதைத் தெருவுக்கே கேட்கும்படி வாசித்துவிட்டுத்தான் பணத்தைக் கொடுப்பாராம். அக்கா அதை முந்தானையில் முடிந்துகொண்டு கரண்ட் ஆபீஸ் கவுண்டருக்குப் போவாள். வரிசையில் நிற்பவர்களிடம் ஊர்வம்பு பேசித் தீர்த்துவிட்டு, பில்லையும் கட்டிவிட்டு வருவாள்.

பிறகு நான் கெட்டிக்காரன் ஆனேன். அவள் வீட்டு இணைப்பை என் செல்போனில் ஏற்றிக்கொண்டேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் எனக்கே வரும். பனியன் கம்பெனியில் டீ ஆறுவதற்குள் கட்டிவிடுவேன். தொகையைப் பார்த்தால் கிரைண்டர் ஓடுகிறது, டிவி ஓடுகிறது, அக்கா நன்றாக இருக்கிறாள் என்று நெஞ்சைத் தடவிக்கொள்வேன். தொகை தடவைக்குத் தடவை குறைந்துகொண்டே வந்தது. பழைய பல்பை மாற்றிவிட்டாள் போல என்று அதற்கும் சந்தோஷப்பட்டேன்.

இந்தச் சித்திரையில், கட்டிங் டேபிளில் துணி விரித்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது: கட்ட வேண்டிய தொகை பூஜ்யம். நூறு யூனிட்டுக்குள் ஓடினால் இலவசம் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் இந்த வெயிலில், ஆள் இருக்கும் வீட்டுக்கு எப்படிப் பூஜ்யம் வரும்? போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப்.

முந்தாநாள்தான் அவளோடு பேசியிருந்தேன். இரண்டு மாதமாக இல்லாதவள் முந்தாநாள் எப்படிப் பேசுவாள் என்று பச்சைக் குழந்தைகூடக் கேட்கும். எனக்குத் தோன்றவில்லை. "அக்கா போயிருச்சுங்க" என்று முதலாளியிடம் அழுதுவிட்டு பஸ் ஏறினேன். பல்லடத்தில் பஸ் நின்றபோது ஓடிப்போய் ஒரு ரோஜா மாலையும் வாங்கிவிட்டேன். மடியில் மாலையோடு விசும்பிக்கொண்டிருந்தவனிடம் கண்டக்டர் சில்லறைக்காகச் சண்டை போடவில்லை.

கதவு திறந்துதான் கிடந்தது. அக்கா வெறுந்தரையில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே காத்தாடி அசையாமல் தொங்கியது.

"ஏங் கண்ணு, மாலையெல்லாம்? யாருக்குடா விசேசம்?"

"சாமி படத்துக்குங்க்கா." முருகன் படத்துக்குப் போட்டேன். மாலை ஆளுயரம்; முருகனைக் காணவில்லை.

"காத்தாடி ரிப்பேருங்களா?"

"நல்லாத்தான் இருக்குது."

"போனு ஏனுங்க ஆஃப் ஆயிக் கெடக்குது?"

"சார்ஜு போட்டா கரண்ட் இழுக்குமல்லோ."

"ஏனுங்க்கா, ஊரச் சுத்திப் பனைமர ஒசரத்துக்குக் காத்தாடி நட்டு நாட்டுக்கே கரண்ட் அனுப்பறாங்க. நீங்க முந்தானைல விசிறிக்கிட்டு உக்காந்திருக்கறீங்களே!"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"என்ற ஊட்டுக் கரண்டு உன்ற போனுக்கு வருதுன்னு சொன்னயல்ல? மணியார்டர் வந்தா அது என்ற கைக்கு வந்த காசு. நான் போயிக் கட்டுவேன். இப்ப நான் இங்க சுவிச்சப் போட்டா, அங்க உன்ற பாக்கெட்டுல இருந்து போகுது. எத்தன ஓட்டுனேன்னு வேற உனக்குத் தெரிஞ்சுருது. நெனச்சாலே ஒடம்பு கூசுதுடா."

நூறு யூனிட்டைத் தாண்டக்கூடாது என்று, பொழுது சாய்ந்தும் விளக்குப் போடாமல் இந்தக் கோடையை இப்படியே உட்கார்ந்து கழித்திருக்கிறாள்.

போனை எடுத்து, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, அந்த இணைப்பிலிருந்து என் நம்பரை நீக்கினேன். விரல் ஒருமுறை நின்றது. இனி அவள் வீட்டில் எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று இந்தப் போன் எனக்குச் சொல்லாது.

"எடுத்துட்டனுங்க. பழையபடி மணியார்டரே அனுப்பறேன்."

"நெசமாவா? இனி உனக்கு ஒண்ணும் தெரியாதா?"

"தெரியாதுங்க்கா."

என் கையிலிருந்த போனையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்ப, காத்தாடி போட்டுக்கட்டுமா கண்ணு?"

நானே எழுந்து போட்டேன். இறக்கையில் படிந்திருந்த தூசி மொத்தமும் எங்கள் தலையில் கொட்டியது. அவள் இருமிக்கொண்டே முந்தானையால் என் தலையைத் துடைத்தாள். நிறுத்து என்று மட்டும் சொல்லவில்லை.