மாமாவின் இடது கை

இதைப் படித்துவிட்டு யாரும் என் காதில் கோளாறு என்று சொல்ல வேண்டாம். அதையும் பார்த்தாயிற்று. காது டாக்டரிடம் போய், கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, இரண்டு காதையும் சோதித்துக்கொண்டேன். பழுது ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். தூக்கம் கெட்டிருந்ததா என்று கேட்பீர்கள். இல்லை, முந்தின இரவு எட்டு மணி நேரம் தூங்கினேன். பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் வர வேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு நடந்தது சாயங்காலம் நாலு பத்துக்கு. அரங்கத்தில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

ஊர் ஊராகப் போகும் ஓர் இசைக்குழுவில் நான் சவுண்ட் எஞ்சினியர். அரங்கத்தின் கடைசியில், ஒவ்வொரு மைக்கின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கிற மிக்ஸரோடு உட்கார்ந்து, மேடையில் இருக்கிற ஆண்களையெல்லாம் திட்டுவதுதான் என் பிழைப்பு. அதனால் எனக்கு டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். வைத்தவர் ட்ரம்மர். அவரை எல்லோரும் மாமா என்போம். பாடகனுடைய அக்காவைக் கட்டியவர். அவன் மாமா என்று கூப்பிட, நாங்களும் கூப்பிட, கடைசியில் லாட்ஜ் மேனேஜர்களுக்குக்கூட அவர் மாமா ஆகிவிட்டார். ஐம்பத்திரண்டு வயது, ஆறடி உயரம். கோபமே வராது. எனக்கு வருகிற கோபத்தில் பாதி அவர் முகத்தைப் பார்த்தால் இறங்கிவிடும்.

சவுண்ட் செக் எப்படி நடக்கும் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதலில் ட்ரம்ஸ். காலால் மிதிக்கிற பெரிய ட்ரம்முக்குக் கிக் என்று பெயர். அதை ஒரே சீராக மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் மிக்ஸரில் சரிசெய்துவிட்டு என் மைக்கில் "போதும், அடுத்தது" என்பேன். அடுத்தது ஸ்னேர், இடது கையால் அடிக்கிற சின்ன ட்ரம். அப்படியே வரிசையாகப் போகும். நான் சொல்லும்வரை நிறுத்தக் கூடாது. மற்ற ட்ரம்மர்கள் பத்து அடி அடித்துவிட்டு என் பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். மாமா பார்க்கவே மாட்டார். நான் சொல்லாமல் அவர் நிறுத்தியது நாங்கள் சேர்ந்து வேலை செய்த ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூட இல்லை.

அவர் இறந்த நாளும் சவுண்ட் செக் அப்படித்தான் ஆரம்பித்தது. கிக் முடிந்து ஸ்னேருக்கு வந்தபோது அரங்க மேனேஜர் கரண்ட் லைனைப் பற்றி என்னிடம் சண்டைக்கு வந்தார். நானும் விடவில்லை. பேசிக்கொண்டே வெளி வராந்தா வரை போய்விட்டோம். சண்டை என்று வந்துவிட்டால் எனக்கு நேரம் போவது தெரியாது. திரும்பி வந்து கடிகாரத்தைப் பார்த்தால் பதினொரு நிமிடம் ஆகியிருந்தது. மாமா இன்னும் ஸ்னேரை அடித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மிக்ஸரில் சத்தம் இறங்கியிருந்தது.

"மாமா, சத்தம் பத்தல. நல்லா அடிங்க."

அவர் என்னோடு பேசுவதற்கென்று பக்கத்தில் ஒரு மைக் உண்டு, வரிசையில் ஒன்பதாவது. அதில் சொன்னார்: "காலையிலேர்ந்தே இடது கை வலிக்குது, டீச்சரம்மா."

"வயசாயிடுச்சுன்னு ஒத்துக்கோங்க. பலமா அடிங்க, எனக்கு லெவல் வேணும்."

சிரித்தார். பலமாக அடித்தார்.

அன்று நிகழ்ச்சி நன்றாகவே நடந்தது. பத்து ஐம்பதுக்கு, சாமான் ஏற்றும்போது, பின்வாசலில் ஒரு ட்ரம் பெட்டி மேல் உட்கார்ந்தார். "ரெண்டு நிமிஷம்" என்றார். அப்புறம் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்றார்கள்.

அவர் வீட்டில் அக்கா எங்களை ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டார்கள். மாமாவின் மனைவியைத்தான் சொல்கிறேன், எங்கள் எல்லோருக்கும் அக்கா. "அன்னிக்கு வலிக்குதுன்னு ஏதாவது சொன்னாரா?" கேட்டதற்குக் காரணம் இருந்தது. அன்று மூன்று மணிக்கு அக்கா போனில் அவரோடு சண்டை போட்டிருக்கிறார்கள். பெண்ணின் பள்ளிக்கூட விழாவுக்கு வராமல் ஊர் சுற்றுகிறாரே என்று. "உங்களுக்கு வீடு எதுக்கு, அங்கேயே இருந்துடுங்க" என்று சொல்லிப் போனை வைத்தார்களாம். அதுதான் கடைசிப் பேச்சு. அந்த வார்த்தைதான் அவர் நெஞ்சைப் பிடித்துவிட்டது என்று அக்கா முடிவு கட்டிவிட்டார்கள்.

வலி காலையிலேயே வந்துவிட்டது என்று நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும், அந்தப் பாரம் இறங்கியிருக்கும். ஆனால் அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். பதினொரு நிமிடம்... பலமா அடிங்க... வாய் வரை வந்தது.

"இல்லக்கா. ஒண்ணும் சொல்லல" என்றேன்.

நான் கோழை என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஊரையே திட்டுகிறவள் நான்.

ஆறு வாரம் கழித்து, நின்றுபோன நிகழ்ச்சிகளை மறுபடி தொடங்கினோம். முதல் நிகழ்ச்சி மாமாவின் நினைவாக. ட்ரம்ஸ் மாமாவுடையது. வாசிக்க வேறொருவரைப் பிடித்திருந்தோம், அவர் ஐந்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. அக்கா வரவில்லை. "அதுக்குப் பின்னாடி வேற ஆள் உக்கார்றதைப் பார்க்க என்னால ஆகாது" என்றுவிட்டார்கள். அவர்கள் வீடு அந்த ஊரிலிருந்து ஆறு மணி நேரப் பயணம்.

மூன்று நாற்பதுக்கு மேடை ஏறிப் பார்த்தேன். ட்ரம்மர் உட்காரும் ஸ்டூல் மேலே ஏறியிருந்தது. புதியவர் குள்ளம்.

"ஸ்டூலை இறக்கச் சொன்னேனே" என்றேன் மேடை வேலை செய்கிறவரிடம்.

"இறக்கிட்டேனே."

"பாருங்க."

பார்த்தார். தலையைச் சொறிந்தார். மறுபடி இறக்கித் திருகை இறுக்கினார். ஸ்னேர் மைக்கும் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. மாமா முழங்கையால் தள்ளித் தள்ளி அப்படித்தான் வைப்பார். நான் உள்ளே திருப்பி வைத்தேன். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் மறுபடி வெளியே. ஸ்டாண்ட் தளர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வேறு எதை நினைப்பது?

நாலு மணிக்கு எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். நான் போகவில்லை. ஆறு வாரமாகவே நான் யாரோடும் உட்கார்ந்து டீ குடிப்பதில்லை. மிக்ஸருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். அறுநூறு காலி நாற்காலிகள். அவற்றுக்கு அப்பால் மேடை. மேடையில் ட்ரம்ஸ் மட்டும்.

நாலு பத்து.

மிக்ஸரில், சத்தத்துக்குத் தக்கபடி ஏறி இறங்கும் பச்சை விளக்குகளில், முதல் மைக்குடையது எரிந்து அணைந்தது. அது கிக் மைக்.

வெளியில் லாரி போனால் அப்படி ஆகும். விட்டுவிட்டேன். இரண்டு விநாடி கழித்து மறுபடி எரிந்தது. மறுபடியும். ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

தும்...

தும்...

தும்...

மேடையைப் பார்த்தேன். ஸ்டூல் காலி. பெடல் இருக்கும் இடம் பெரிய ட்ரம்முக்குப் பின்னால், இங்கிருந்து தெரியாது.

ஒவ்வொரு ட்ரம்மருக்கும் கால் வேறு. சிலர் மிதித்து அழுத்திப் பிடிப்பார்கள். மாமா மிதித்துவிட்டு உடனே காலை விடுவார், அதனால் சத்தத்துக்குப் பின்னால் ஒரு சின்ன மூச்சு மாதிரி காற்று வரும். அந்தக் காற்று ஹெட்போனில் வந்தது.

ஹெட்போனைக் கழற்றினேன். அரங்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. மாட்டினேன். தும்... கழற்றினேன். ஒன்றும் இல்லை. விளக்கு மட்டும் எரிந்து எரிந்து அணைந்தது.

மூன்று நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஓடியிருக்கலாம். கால் வரவில்லை என்பது பாதி உண்மைதான். ஓடிவிட்டால் அவர் அடித்துக்கொண்டே இருப்பாரே என்றும் தோன்றியது. அதை நினைத்ததும் அழுகை வந்துவிட்டது.

நாலு பதிமூன்று. என் மைக்கை அழுத்தினேன்.

"போதும் மாமா... அடுத்தது."

நின்றது.

நாலு விநாடி ஒன்றும் இல்லை.

பிறகு இரண்டாவது விளக்கு. ஸ்னேர்.

டக்...

டக்...

டக்...

"போதும் மாமா. அடுத்தது."

டக்...

"மாமா, போதும்."

டக்...

நிற்கவில்லை.

நாலு பதினாறு. நாலு பதினெட்டு. சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. விளக்கு பாதிதான் ஏறியது. அப்புறம் கால்வாசி. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஒரு தயக்கம்...

நாலு இருபத்திரண்டு. வலிக்கிற கை. எனக்குத் தெரியும், வலிக்கிற கை.

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாலு இருபத்துநாலு. பதினொரு நிமிடம்.

டக்...

...

டக்...

மைக்கை அழுத்தினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"மாமா... நீங்க சொன்னீங்க. காலையிலேர்ந்தே இடது கை வலிக்குதுன்னு சொன்னீங்க. நான் பலமா அடிங்கன்னேன். அக்கா கேட்டப்போ நீங்க ஒண்ணும் சொல்லலைன்னுட்டேன். அவங்க பேசினதால இல்ல மாமா. என்னாலதான். போதும். கையை எறக்குங்க மாமா..."

நின்றது.

ஹெட்போனில் ஸ்டூல் கிறீச்சிட்டது.

அப்போது ஒன்பதாவது விளக்கு எரிந்தது. மாமா என்னோடு பேசுகிற மைக்.

ஏறியது. இறங்கியது. ஏறியது. யாரோ நிதானமாகப் பேசினால் எப்படி ஆடுமோ அப்படி. ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டேன்.

ஒன்றும் கேட்கவில்லை.

சத்தத்தைக் கூட்டினேன். முழுக்கக் கூட்டினேன். ஒரு இரைச்சல்கூட இல்லை. விளக்கு மட்டும் ஆறேழு விநாடி பேசிவிட்டு அணைந்துபோனது.

நாலு இருபத்தைந்து.

மற்றவர்கள் திரும்பி வந்தபோது நான் வராந்தாவில் போனோடு நின்றேன். இனி ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போட முடியாது என்று இருந்தது. முதல் மணியிலேயே அக்கா எடுத்தார்கள்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"சொல்லிட்டியே."

"எதைக்கா?"

"காலையிலேர்ந்தே வலின்னு. நான் போன் பண்ணது மூணு மணிக்கு. அதுக்கு முன்னாடியே வலி இருந்திருக்கு."

"யார்க்கா சொன்னா?"

"நீதான். இப்பதான். அவர் காதுல மாட்டிக்குவாரே, அந்த ரெண்டும் என்கிட்டதானே இருக்கு."

மேடையில் எங்கள் ஆட்கள் எல்லோரும் காதுக்குள் ஒரு சின்னக் கருவி மாட்டிக்கொள்வார்கள். என் மைக்கில் பேசுவது அதன் வழியாகத்தான் அவர்களுக்குக் கேட்கும். மாமாவுடையது அவர் காதை அச்செடுத்துச் செய்தது, வேறு யார் காதிலும் சரியாக உட்காராது. மற்ற சாமான்களோடு அதையும் ஒரு சின்ன டப்பியில் போட்டு நானே அக்காவிடம் கொடுத்திருந்தேன்.

"வீட்ல ஆளாளுக்கு ஆறுதல் சொல்றாங்க. எதுவும் கேக்க வேணாம்னு சாயங்காலம் இதை மாட்டிக்குவேன். காது வலிக்கும், பரவால்ல. வயர் சும்மா தொங்கிட்டு இருக்கும். இன்னிக்கு நாலு மணிக்கு மேல... தும் தும்னு. அப்புறம் நீ."

"அக்கா..."

"ஆறு வாரம். நான்தான் அவரைக் கொன்னேன்னு ஆறு வாரமா சாப்பிடாம கிடந்தேன். எங்க வீட்டுக்கு வந்து, என் முகத்தைப் பார்த்து, இல்லைன்னு சொன்னே."

"மன்னிச்சிடுங்கக்கா."

"அதை அப்புறம் பார்க்கலாம்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம். அவர்கள் அழுவது நின்றதும் கேட்டார்கள்:

"கடைசில அவர் சொன்னது உனக்குக் கேட்டுச்சா?"

"இல்லக்கா. வெளக்கு மட்டும்தான் ஆடுச்சு."

"எனக்குக் கேட்டுச்சு."

"என்னக்கா சொன்னார்?"

போன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை, விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அப்புறம் அக்கா பேசினார்கள். குரலில் கோபம் இல்லை.

"ஆறு வாரம் நீ வெச்சிருந்தே. இதை நான் வெச்சுக்கறேன்."

அது நடந்து மூன்று வருடம் ஆகிறது. அக்கா என்னோடு நன்றாகத்தான் பேசுகிறார்கள். அதை மட்டும் இன்னும் சொல்லவில்லை.