இடது கைக்கு உறை போட்டு ஸ்ரீரங்கம் போன கதை

என் மனைவி செல்விக்கு மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு ஏழு மாதம் ஆகிறது. பேச்சும் நடையும் திரும்பிவிட்டன. வலது கை மட்டும் அடம்பிடித்தது. "தீர்த்தம் வாங்க முடியாத கையோட கோயிலுக்கு எதுக்குங்க?" என்று கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். இடது கையை நீட்ட அவளுக்கு மனசு வராது. போன செவ்வாய்க்கிழமை, வாராந்திரக் கைப் பயிற்சிக்காக மருங்காபுரியிலிருந்து காலை ஆறே காலுக்குத் திருச்சி பஸ் ஏறினோம்.

எட்டரைக்குப் பயிற்சி. ஒரு மணி நேரம் துணிக் கிளிப்பு, டம்ளர், பட்டாணி என்று வலது கையால் எடுத்து எடுத்து வைத்தாள். முடிந்ததும் பயிற்சி தரும் பெண், செல்வியின் நல்ல கையில் தடித்த துணியுறை ஒன்றை மாட்டிவிட்டார். நல்ல கையைப் பூட்டினால்தான் சோம்பேறிக் கை வேலைக்கு வருமாம். "இன்னிக்கு இதோடயே வெளிய போயிட்டு வாங்க" என்றவர் என் பக்கம் திரும்பினார். "சார், எல்லாத்தையும் நீங்களே செஞ்சு அந்தக் கையைக் கெடுத்து வச்சிருக்கீங்க. கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறதுதான் உங்க பயிற்சி."

எனக்குச் சுருக்கென்றது. ஏழு மாதம் பொத்திப் பொத்திப் பார்த்ததற்கு இதுதான் கிடைத்த பட்டம்.

"ஸ்ரீரங்கம் போலாம்" என்றாள் செல்வி. சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிடம். பெண்களுக்குக் கட்டணமில்லை, ஆனால் டிக்கெட் உண்டு. கண்டக்டர் நீட்டியதும் பழக்கதோஷத்தில் என் கை முந்தியது. "விடுங்க, நான் வாங்கறேன்." அவள் விரல்கள் அதைப் பிடிக்க மூன்று முறை ஆனது. "மெதுவா வாங்கிக்கங்கம்மா, ஸ்ரீரங்கம் எங்கயும் ஓடிடாது" என்றார் கண்டக்டர்.

இப்படிப் போக நினைப்பவர்களுக்கு: வெள்ளிக்கிழமை வேண்டாம், நெரிசல். உறையைப் பயிற்சியாளர் சொல்லாமல் மாட்டாதீர்கள். செல்விக்கு நடை தடுமாறாததால்தான் அனுமதித்தார். அந்தக் கையால் சாப்பிட நேரமாகும், மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி கூடுதலாக ஒதுக்குங்கள், பசியில் நமக்குத்தான் பொறுமை போகும்.

பதினொன்றரைக்குத் தாயார் சந்நிதியில் நின்றோம். பட்டர் உறையைப் பார்த்தார். "வலது கையை நன்னாக் குழிச்சுக்கோங்கோ" என்று தீர்த்தக் கரண்டியோடு காத்திருந்தார். விரல்கள் ஒவ்வொன்றாக, நடுங்கிக்கொண்டே மடங்கின. பாதித் தீர்த்தம் வழிந்தது. மீதி உள்ளங்கையில் நின்றது. குடித்தாள். அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது, கூடவே கண்ணீரும்.

"உங்களுக்கு வேணாமா?" என்றாள். அப்போதுதான் பார்த்தேன், நான் இன்னும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். பட்டர் அடுத்தவரிடம் போய்விட்டிருந்தார்.

செல்வி சிரித்துக்கொண்டே ஈரக் கையை என் தலையில் தடவினாள். வலது கை.