அவர் திட்டிய சொற்களை வரைந்தேன்

என் கணவருக்குப் பேச்சு போன அன்று எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் பிரியாணிக் கடை. பதினொரு மணிக்குக் கூட்டம் சேரும் நேரத்தில் அவர் அண்டா பக்கத்தில் நின்று போடும் சத்தம் எதிர்ப்பக்கம் சைக்கிள் கடை வரை கேட்கும். அப்படிப்பட்ட மனுஷன் ஒரு வியாழக்கிழமை கரண்டியைக் கீழே போட்டார், வாய் ஒரு பக்கமாகக் கோணியது, சரிந்து விழுந்தார். மூன்றாவது நாள் ஆஸ்பத்திரியில் கண் திறந்தபோது வலது கையும் காலும் அசையவில்லை. "என்னங்க, நான் யாருன்னு தெரியுதா?" என்றேன். தெரியும் என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது. வாயே திறக்காமல் காலம் தள்ளுகிறவர்கள் ஊரில் எத்தனையோ பேர் இருக்க, பேசியே பிழைக்கிறவரின் வாயைத்தானா அடைக்க வேண்டும் என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. வாரத்தில் மூன்று நாள் வேலை. மீதி நாட்களில் அவருக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தேன். போனில் சமூக ஊடகப் பக்கம் ஒன்று ஆரம்பித்து, வாரம் ஒரு சொல்லும் அதற்கு ஒரு கேலிப்படமும் போட்டு வந்தேன். சொல்லுக்காக அகராதி எதையும் நான் புரட்டியதில்லை. எல்லாம் அவர் கடையில் திட்டுகிற சொற்கள். மதியச் சாப்பாட்டுக்குக் கடைக்குப் போகும்போது ஒரு ஓரமாக உட்கார்ந்து காதைத் தீட்டி வைத்துக்கொள்வேன்.

கறியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக் குறை சொல்கிறவர்களை அவர் நொரநாட்டியம் பிடித்தவர்கள் என்பார். அதற்கு நான் ஒரு பூனையை வரைந்தேன். மூக்குக்கண்ணாடி போட்ட பூனை, மீன் முள்ளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சோதிக்கிறது. அலப்பறைக்கு ஒரு சேவல். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தன் படத்தையே பெரிய ஃபிளெக்ஸாக அடித்துக் கட்டுகிறது. பின்னால் சமையல்காரர் அமைதியாக வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார். "மசமசன்னு நிக்காதலே" என்று ஒருவரை விரட்டியதைக் கேட்டு, நின்ற இடத்திலேயே நின்று மூக்குக்கும் சுவருக்கும் இடையே சிலந்தி வலை கட்டிய ஒரு மனிதரை வரைந்தேன். பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள், இந்தச் சொல் எங்கே கிடைத்தது என்று கேட்டார்கள். நான் யாருக்கும் சொன்னதில்லை.

அவர் விழுந்த பிறகு மூன்று வாரம் படம் வரவில்லை. யாரோ ஒருவர், "இந்த வாரச் சொல் எங்கே?" என்று கேட்டிருந்தார். போனைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. எனக்கு எல்லாச் சொல்லையும் கொடுத்தவருக்கு ஒரு சொல்கூட மிச்சம் இல்லை.

பேச்சுப் பயிற்சி தரும் பெண், ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் இருந்தார். என் மகளைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். நிதானமான பெண். "முதல் ஆறு மாசம்தாங்க ரொம்ப முக்கியம். வர்ற பேச்சு பெரும்பாலும் அதுக்குள்ள வந்துரும். அதுக்கப்புறம் கொஞ்சம் கஷ்டம்" என்றார். அதில் ஒன்றரை மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே போயிருந்தது.

முதல் நாள் என் கணவர் முன்னால் அட்டைகளை வைத்தார்கள். ஆப்பிள், குடை, விமானம். விமானத்தில் ஏறாத மனிதர், ஆப்பிளை நோயாளிக்கு வாங்கிப் போகிற பண்டமாக மட்டுமே பார்த்தவர். இடது கையால் எல்லாவற்றையும் மேசையிலிருந்து தள்ளிவிட்டார். பயிற்சிப் பெண் கோபப்படவில்லை. குனிந்து பொறுக்கிக்கொண்டே, "வழக்கமா அதிகமாச் சொன்ன வார்த்தையில இருந்து தொடங்கலாம். வீட்டுல உங்கள எப்படிக் கூப்பிடுவாரு?" என்று என்னைக் கேட்டார்.

கல்யாணமாகி இருபத்து நான்கு வருடம். ஒரு தடவைகூட அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தா" என்பார், அவ்வளவுதான். "இந்தா, துண்ட எடு." "இந்தா, இன்னைக்குச் சோத்துக்கு என்ன வெஞ்சனம்?" மற்றவர்களிடம் பேசும்போது நான் "எங்க வீட்ல". அவரைப் பெற்ற அத்தாவும் அப்படித்தான், என்னைப் பெற்ற அத்தாவும் அப்படித்தான். எங்கள் பக்கத்தில் அதை யாரும் குறையாக நினைப்பதில்லை. நானும் நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். கல்யாணமான புதிதில், கதவைச் சாத்திக்கொண்டாவது ஒரு தடவை சொல்ல மாட்டாரா என்று ஏங்கியிருக்கிறேன்.

பக்கத்து நாற்காலிகளில் வயதான தம்பதி இருந்தார்கள். பக்கவாதம் வந்தது அந்த அம்மாவுக்கு. அவர் கணவர் அந்த அம்மாவின் பெயரைச் செல்லமாகச் சுருக்கி, "பாருக்குட்டி, இங்க திரும்பு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அவர்கள் முன்னால் "இந்தா" என்று சொல்ல வாய் வரவில்லை. "பேர் சொல்லித்தாங்க கூப்பிடுவாரு" என்று சொல்லிவிட்டேன்.

என் கணவர் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார். கறியில் எலும்புதான் இருக்கிறது என்று சொல்கிறவரைப் பார்க்கும் அதே பார்வை. அது பொய் என்று அவருக்குத் தெரியும். மறுத்துச் சொல்ல அவரிடம் வாய் இல்லை. பயிற்சிப் பெண் என் பெயரைப் பெரிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதிக் கையில் கொடுத்தார். "தினமும் காலையில அரை மணி நேரம், கண்ணாடி முன்னாடி" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. காலை டீ முடிந்ததும் கண்ணாடி முன் உட்கார வைத்து என் பெயரை நானே சொல்லுவேன். உதட்டை எப்படிக் குவிக்க வேண்டும், நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டுவேன். அவர் முயற்சி செய்வார். நெற்றி நரம்பு புடைக்கும், வியர்த்துக் கொட்டும், பாதி வாயில் எச்சில் வழியும். ஒரு நாள் கண்ணாடியை அடித்தார். இன்னொரு நாள் அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. நாளைக்கு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். மறுநாள் காலையில், ஒருவேளை இன்றைக்கு வந்துவிட்டால், என்று மறுபடியும் அதே அட்டையை எடுத்துவிடுவேன். வெட்கத்தில் சொன்ன பொய்யை ஆசையில் நீட்டிக்கொண்டே போனேன்.

மத்தியானத்தில் வேறொரு வேலை. பழைய கேலிப்படங்களை எல்லாம் தடித்த அட்டையில் மறுபடி வரைந்தேன். ஆப்பிள் பிடிக்காதவருக்கு அலப்பறையாவது பிடிக்கட்டும் என்று. முதல் அட்டையாக அந்தச் சேவலைக் காட்டினேன். கீழே எழுதியிருந்த சொல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எல்லாம் நீங்க திட்டுனதுதான். நாலு வருஷமா வரைஞ்சுக்கிட்டு இருக்கேன்" என்றேன். ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லிக் கையை ஆட்டினார். பூனையைப் பார்த்ததும் தோள் குலுங்கியது. சத்தமே இல்லாமல் அப்படி ஒரு சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் விழுந்த பிறகு அந்த வீட்டில் யாரும் சிரித்திருக்கவில்லை.

ஆனால் "சொல்லுங்க, அலப்பறை" என்று கேட்டால் முகம் இருண்டுவிடும். நான் விடவில்லை. கோக்குமாக்கு என்ற சொல்லுக்கு, டிரைவர் சீட்டைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்த ஒரு டவுன் பஸ் வரைந்தேன். சலம்பலுக்கு, மைக் வைத்துச் சண்டை போடும் இரண்டு காக்கைகள். வரைய வரைய எனக்கு வெறி பிடித்துவிட்டது. நாற்பது, ஐம்பது அட்டை. பள்ளிக்கூடத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். மகள் போனில் கூப்பிட்டால்கூட, "அத்தா சலிச்சுக்கிட்டா என்ன சொல்லுவாரு, ஞாபகம் இருக்கா?" என்று சொற்களைத்தான் கேட்பேன். கடையைப் பார்த்துக்கொள்ளும் கொழுந்தன் ஒரு நாள் வந்து அட்டைக் கட்டைப் பார்த்துவிட்டு, "மதினி, நீங்க செத்த நேரம் தூங்குங்க" என்றார். காலண்டரில் மூன்றாவது மாதம் முடிந்திருந்தது. எப்படித் தூங்குவது?

கொடைரோட்டில் கட்டிக் கொடுத்த மகள் ஒரு முறை எங்களோடு பயிற்சிக்கு வந்தாள். பயிற்சிப் பெண் அவளிடம் பேச்சோடு பேச்சாக, "அம்மா பேரைச் சொல்லத்தான் ஏழு வாரமா முயற்சி பண்றோம். இவ்வளவு நாள் கூப்பிட்ட பேரு, இந்நேரம் கொஞ்சமாவது வந்திருக்கணும்" என்றார்.

"யாரு, எங்கத்தாவா? அம்மாவப் பேர் சொல்லியா?" மகள் சிரித்தே விட்டாள். "இந்தான்னுதாங்க கூப்பிடுவாரு. எங்க வீட்டுல யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க."

பிறகு அவளே என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். என் காது இரண்டும் கொதித்தன. பயிற்சிப் பெண் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். அவர் குறிப்பேட்டில் ஒரு வரியை அடித்தார். "சரிங்க, மாத்திக்கலாம். நீங்க கொண்டுவந்து காட்டுன அட்டைங்க மாதிரியே இந்தா-வுக்கும் ஒரு படம் போட்டு எடுத்துட்டு வாங்க" என்றார். சக்கர நாற்காலியில் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாழ்நாளில் சொல்லாத ஒரு வார்த்தைக்காக ஏழு வாரம் வியர்த்த மனிதர். அவர் கால் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன மன்னிச்சிருங்க" என்றேன். அத்தனை பேர் முன்னால் நான் அப்படி அழுததில்லை.

இந்தா என்ற சொல்லை வரையத்தான் எனக்கு வரவில்லை. எட்டு நாள் உட்கார்ந்தேன். அந்தச் சொல்லுக்கு ஓடி வருகிறவள் நான்தானே என்று என்னையே வரைந்தேன். ஒரு படத்தில் ஒரு கையில் கரண்டி, இன்னொரு கையில் துண்டோடு ஓடுகிறேன். அடுத்ததில் மாத்திரையும் வெந்நீர்ச் செம்பும். அடுத்ததில் கடைச் சாவியைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு காலில் மட்டும் செருப்போடு. எத்தனை தடவை வரைந்தாலும் கையில் ஏதாவது ஒன்று இருந்தது. வெறுங்கையோடு என்னை வரையவே முடியவில்லை. மற்ற படங்களைப் போல இதுவும் வேடிக்கையாகத்தான் இருந்தது, ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரிடம் காட்டினேன். அவரும் சிரிக்கவில்லை. வெகு நேரம் பார்த்துவிட்டு அட்டையை மெத்தையில் கவிழ்த்து வைத்தார். மறுநாள் காட்டினாலும் அதே.

ஐந்தாம் மாதக் கடைசியில் ஒரு காலை. அடுப்படியில் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தேன். யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஆண் குரல், கொஞ்சம் குழறிய குரல். கொரியர் கொண்டுவந்திருப்பார்கள் என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்த் தெருக்கதவைத் திறந்தேன். யாரும் இல்லை. மறுபடியும் என் பெயர், இந்த முறை எனக்குப் பின்னாலிருந்து. அந்தக் குரலில் என் பெயரை நான் கேட்டதே இல்லை. அதனால்தான் எனக்கு அடையாளம் தெரியவில்லை. கஞ்சி அடி பிடித்து வீடெல்லாம் புகை. நான் தெருக்கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

சந்தோஷம் இரண்டு நாள்தான் இருந்தது. அது ஒன்றுதான் வந்தது, வேறு எதுவும் வரவில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் என் பெயர், மின்விசிறியை நிறுத்த வேண்டுமென்றாலும் என் பெயர், வலித்தாலும், பசித்தாலும், கொழுந்தனைக் கூப்பிட்டாலும் என் பெயர். கோபம் வந்தால் என் பெயரையே மூன்று தடவை கத்துவார். பூனை அட்டையைக் காட்டினாலும் அதே. "நான் பொய் சொல்லாம இருந்திருந்தா வேற வார்த்தை வந்திருக்குமா?" என்று பயிற்சிப் பெண்ணைக் கேட்டேன். "அத யாராலயும் சொல்ல முடியாதுங்க" என்றார். ஆறாவது மாதமும் போய்விட்டது. ஏங்கி ஏங்கிக் கிடந்த ஒன்று கிடைத்தபின் அதைக் கேட்டாலே அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளத் தோன்றியது. என் ஆசை அவர் வாய் முழுவதையும் அடைத்துக்கொண்டதோ என்று பயந்தேன்.

போன வாரம் ஒரு நாள் விடாமல் கூப்பிட்டார். தண்ணீர் கொடுத்தேன், இல்லை என்று தலையை ஆட்டினார். விசிறி, தலையணை, மூத்திரப் பாத்திரம், மாத்திரை. எல்லாவற்றுக்கும் இல்லை. மறுபடியும் என் பெயர். அட்டைக் கட்டைப் பிரித்து மெத்தை மேல் கொட்டி, "இதா? இதா?" என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். இல்லை. மறுபடியும் என் பெயர். பதினைந்தாவது தடவையோ என்னவோ, எனக்கு முடியவில்லை. கையில் இருந்த அட்டைகளைத் தரையில் போட்டுவிட்டு, "எனக்கு ஒண்ணும் புரியலங்க" என்று கட்டிலில் அவர் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்து அழுதேன்.

அவர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். இடது கையை என் மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தார். வேறெதுவும் கேட்கவில்லை. இருபத்து நான்கு வருடத்தில் எதையாவது எடுத்துவரச் சொல்லாமல் அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை என்பதால், வேறு காரணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. "பக்கத்துல உக்காரத்தான் கூப்பிட்டீங்கன்னா, என் கையப் புடிச்சு இழுத்திருக்கக் கூடாதா? என்ன மனுஷன் நீங்க?" என்று நன்றாகத் திட்டினேன். ஆனால் நான் எழுந்திருக்கவில்லை.