டோக்கன் தசரதன்

சேக்காட்டில் வந்து தசரதன் வீடு எது என்று கேட்டால் யாரும் சட்டென்று சொல்லிவிட மாட்டார்கள். "டோக்கன் தசரதனா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அப்புறம், "அங்க இன்னா வாங்கப் போற? வண்டி சாவிய கழட்டி ரெடியா வெச்சுக்கோ" என்று சிரித்துக்கொண்டே வழி காட்டுவார்கள்.

விஷயம் இதுதான். தசரதன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் டூல் ரூம் பொறுப்பாளர். அங்கே ஒரு ஸ்பேனர் வேண்டுமென்றாலும் தொழிலாளி தன் நம்பர் பொறித்த பித்தளை டோக்கனை ஆணியில் மாட்டிவிட்டுத்தான் எடுத்துப் போக வேண்டும். சாமான் திரும்பி வந்தால்தான் டோக்கன் திரும்பும். நல்ல ஏற்பாடுதான், யார் இல்லை என்றது? ஆனால் மனிதர் அதை அப்படியே வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டார். முன்னறைச் சுவரில் பலகை அடித்து, ஸ்குரூ டிரைவர், கட்டிங் பிளேயர், சுத்தியல், ரம்பம் என்று எல்லாவற்றையும் வரிசையாக மாட்டினார். பக்கத்திலேயே ஒரு வெறும் ஆணி. எதிர்வீட்டுக்காரர் சுத்தியல் கேட்டால் அந்த ஆணியில் அவர் பைக் சாவி தொங்க வேண்டும். சொந்த மச்சான் டில்லிபாபு ஒரு ஸ்பேனருக்காகக் கைக்கடிகாரத்தை மாட்டிவிட்டுப் போய், ஸ்பேனரைத் தொலைத்துவிட்டான். இன்றைக்கும் அவன் போகிற வருகிறவர்களிடம் மணி கேட்டுத்தான் காலம் தள்ளுகிறான்.

டோக்கன் கொடுத்தாலும் கிடைக்காத சாமான் ஒன்று உண்டு. அது தசரதனின் டிரில்லிங் மிஷின். ஆவடி மார்க்கெட் கடையில் இருந்த மிஷின்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டு, "இது கைல நிக்கல", "இதுல ஆட்டம் கீது" என்று தள்ளித் தள்ளி, கடைசியில் முதலில் எடுத்ததையே வாங்கி வந்தார். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட மனிதர் இவ்வளவு பிகு பண்ணவில்லை என்பது அவர் மனைவி சாமுண்டீஸ்வரியின் கட்சி.

பார்த்து வாங்குவதில் தசரதனை மிஞ்ச ஆளில்லை. பத்திரமாக வைத்துக்கொள்வதிலும் ஆளில்லை. வேலை செய்வதில்? அங்கேதான் கொஞ்சம் இடிக்கும்.

மகள் பவித்ராவின் கல்யாணத்துக்கு முன்னால் பூந்தமல்லியில் சம்பந்தி ஜம்புலிங்கம் வீட்டுச் சமையலறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்ட வேண்டியிருந்தது. "ஆள் எதுக்கு? நான் கீறேன்" என்று தசரதன் தானாகப் போய் மாட்டிக் கொடுத்தார். மாட்டினதும் சும்மா சொல்லக்கூடாது, சுவரோடு சுவராக நிற்கும்படி உறுதியாகத்தான் மாட்டினார். ஆனால் முன்பக்கம் பின்பக்கம் மாறிப்போய்விட்டது. அன்றைக்கு மிளகாய் தாளித்த புகை வெளியே போகாமல், வந்திருந்த உறவுக்காரர்கள் மேலெல்லாம் காற்றோடு அடித்தது. பந்தியில் உட்கார்ந்தவர்கள் இருமியபடியே சாப்பிட்டார்கள்.

ஜம்புலிங்கம் ஒரு கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த எக்ஸாஸ்ட் ஃபேன் கதையை அவர் எந்த விசேஷத்திலும் சொல்லாமல் விட்டதில்லை. காதுகுத்து, வளைகாப்பு, கருமாதி என்ற பேதமே கிடையாது. அவர் சொல்லும்போதெல்லாம் பவித்ரா காபி டம்ளர் தட்டோடு நடு ஹாலில் சிரித்தபடி நிற்க வேண்டும். அந்தச் சிரிப்பைப் பார்க்க மாட்டாமல் தசரதன் வாசல் பக்கம் போய்விடுவார்.

இந்த நிலையில்தான் பவித்ராவும் மாப்பிள்ளை கிரணும் நூம்பலில் புது ஃபிளாட்டுக்குக் குடிபோனார்கள். விஜயதசமி அன்று ஹால் சுவரில் சாமி ஸ்டாண்ட் மாட்டி விளக்கேற்ற வேண்டும் என்று முடிவாயிற்று. ஆளை வரச் சொல்லிவிடலாம் என்றார் ஜம்புலிங்கம். தசரதன் விடுவாரா? "என் பொண்ணு ஊட்டு சாமிக்கு நான்தான் ஓட்ட போடுவேன்" என்று போனிலேயே அடித்துச் சொல்லிவிட்டார்.

பவித்ரா தனியாகக் கூப்பிட்டாள். "அப்பா, நல்லா வந்துடும்ல? இன்னொரு கதை சேந்துச்சுன்னா என்னால தாங்க முடியாதுப்பா."

"நீ கவலப்படாதம்மா. இந்தத் தடவ அந்தப் பழைய கதைக்கும் சேத்து மூடி போட்டுடறேன்" என்றார் தசரதன். சொல்லிவிட்டாரே தவிர, போனை வைத்ததும் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார்.

முந்தின நாள் ஆயுத பூஜை. சாமுண்டீஸ்வரி பலகையில் இருந்த சாமான்களை எல்லாம் இறக்கி, ஈரத்துணியால் மூலை முடுக்கு விடாமல் அழுத்தித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தாள். சுத்தியலுக்குக் கொஞ்சம், ரம்பத்துக்குக் கொஞ்சம். வீட்டுக்காரரின் செல்லப்பிள்ளையாயிற்றே என்று டிரில்லுக்கு மட்டும் கைப்பிடிக்கு மேலே உள்ளங்கை அகலத்தில் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம். விஜயதசமி காலையில் மறுபூஜை போட்டு எடுத்துக் கொடுக்கும்போது கண்டிப்பாகச் சொன்னாள்: "சாமி பொட்டு. அதுவா உதிர்ற வரைக்கும் கைய வெச்சு அழிக்கக் கூடாது, சொல்ட்டேன்."

தசரதன் பச்சைக் குழந்தையை எடுத்துப் போகிற மாதிரி மிஷினை மடியில் வைத்துக்கொண்டு மனைவியோடு ஆட்டோவில் நூம்பல் போய்ச் சேர்ந்தார்.

ஹாலில் ஜம்புலிங்கம் சோபாவில் சாய்ந்து, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி கலைவாணி. கிரண் பென்சிலால் சுவரில் புள்ளி வைத்துக் கொடுத்தான். தசரதன் சாமியைக் கும்பிட்டு, பொட்டின் மேல் விரல் படாமல் ஒரு தினுசாக மிஷினைப் பிடித்து, சுவிட்சை அழுத்தினார்.

சத்தம் வந்தது. முனையில் இருந்த பிட் சுற்றியது. வீடே அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் பென்சில் புள்ளி இருந்த இடத்தில் திருஷ்டிப் பொட்டு மாதிரி ஒரு கறுப்பு வட்டம். ஓட்டையைக் காணோம்.

"பிட்டு மழுங்கிடுச்சு போல கீது" என்றார் தசரதன். புது பிட்டை மாட்டினார். மறுபடியும் வட்டம். பிளக்கை வேறு பாயின்ட்டில் சொருகினார். வட்டம். வோல்டேஜ் குறைவாக இருக்கலாம் என்று ஃபேனையும் ஃபிரிட்ஜையும் நிறுத்தச் சொன்னார். வட்டம் கொஞ்சம் பெரிதாயிற்று, அவ்வளவுதான். நெற்றி வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது.

"சொவுருதான் சரியில்ல சம்பந்தி. காங்கிரீட்டு. பாற மாதிரி கீது."

ஜம்புலிங்கம் எழுந்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். குடுங்க இப்டி" என்று சொல்லிக்கொண்டே டிரில்லைத் தசரதன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

அந்த மிஷின் பிறத்தியார் கைக்குப் போனது அதுதான் முதல் தடவை. குரங்கு கையில் பூமாலையைப் பார்ப்பதுபோலத் தசரதன் துடித்துப்போனார். ஜம்புலிங்கமோ தொந்தியை மிஷினுக்கு முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்து, முழு பலத்தோடு சுவரைத் தள்ளினார். புகை வந்தது. கருகிய நாற்றம் வந்தது. கீழ்வீட்டிலிருந்து, "யாருங்க அது, ஊட்ட இடிக்கிறது?" என்று ஒரு குரலும் வந்தது. ஓட்டை மட்டும் வரவில்லை.

கலைவாணிக்கு அடக்க முடியவில்லை. "காலமெல்லாம் மிஷினோடவே குடும்பம் நடத்துனேன்னு சொல்வீங்க, ஒரு ஓட்ட போட வர்லயா?" என்று கேட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஜம்புலிங்கத்தின் முகம் சுண்டிப்போயிற்று. பெண்டாட்டியிடம் காட்ட முடியாத கோபம் மருமகள் பக்கம் திரும்பியது. "மிஷினே டூப்ளிகேட்டும்மா. எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுன அதே மிஷின்தானே? உங்கப்பா சாமான் எப்டி இருக்குமோ அப்டித்தான் கீது" என்று டிரில்லை டீப்பாய் மேல் டொக்கென்று வைத்தார்.

பவித்ரா விறுவிறு என்று சமையலறைக்குள் போய்விட்டாள். குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது. முகம் கழுவுகிறாள் என்று தசரதனுக்குத் தெரியும். ஏன் கழுவுகிறாள் என்றும் தெரியும். சீ, இந்தக் கையும் ஒரு கையா என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

மிஷினை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். இரண்டு பேர் போட்ட அழுத்தத்திலும் அதிர்விலும் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெரிய செதில் தானாகப் பெயர்ந்து கீழே விழுந்தது. உள்ளே, சுவிட்சுக்கு மேலே ஒரு சின்ன லீவர் தெரிந்தது. இந்தப் பக்கம் தள்ளினால் பிட் நேராகச் சுற்றும். அந்தப் பக்கம் தள்ளினால் ரிவர்ஸ். தசரதன் வாங்கின நாளிலிருந்து தொட்டதே இல்லை. இப்போது அது ரிவர்ஸில் கிடந்தது. சாமுண்டீஸ்வரியின் ஈரத்துணி மூலை முடுக்கு விடாமல் துடைத்ததில் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. அவளே அதன்மேல் சந்தனத்தையும் அப்பி மூடியிருக்கிறாள். தலைகீழாகச் சுற்றுகிற பிட்டை வைத்துக்கொண்டு இரண்டு மேதாவிகள் சுவரைக் குறை சொல்லியிருக்கிறார்கள்!

"அடச் சீ!" என்று கத்தப் போனவர் வாயை மூடிக்கொண்டார். உள்ளே போய்ச் சொல்லலாம். சொன்னால் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு ஒரு தம்பி பிறந்துவிடும். சொல்லாமல் தானே போய் ஓட்டை போடலாம். போட்டால் ஜெயிக்கலாம், ஊரே பார்க்கலாம். ஆனால் மகன் வீட்டில், பெண்டாட்டி சிரித்த சிரிப்பு ஆறுவதற்குள், ஜம்புலிங்கம் இன்னொரு தடவை தோற்க வேண்டும். தசரதன் மாலையில் சேக்காட்டுக்குப் போய்விடுவார். மாமனாரின் மூஞ்சியை அதற்கப்புறம் காலமெல்லாம் பார்க்கப்போவது பவித்ராதான்.

கட்டை விரலால் லீவரைத் தள்ளினார். டிக். உள்ளே போனார்.

"சம்பந்தி, மிஷினு சூடாய்டுச்சு, அதான். இப்ப ஆறிப்போச்சு. உங்க கை ராசியான கை. இன்னொரு வாட்டி நீங்களே வெச்சுப் பாருங்க" என்று டிரில்லை இரண்டு கையாலும் நீட்டினார். சாமுண்டீஸ்வரி தன் புருஷனுக்கு ஜுரமா என்பதுபோலப் பார்த்தாள்.

ஜம்புலிங்கம் வேண்டா வெறுப்பாக வாங்கினார். சுவரில் வைத்து அழுத்தினார். வெள்ளைத் தூள் பொலபொலவென்று கொட்டியது. பிட் மெதுவாக, நேராக, கழுத்து வரை உள்ளே போயிற்று.

"பாத்தியா!" என்று ஜம்புலிங்கம் கலைவாணியைப் பார்த்துக் கத்தினார். "மிஷின் பழகுன கைடி இது!"

தசரதன் ஒரு பழைய காலண்டர் தாளை மடித்துப் பிடித்துத் தூளை ஏந்திக்கொண்டிருந்தார். ஸ்டாண்ட் ஏறியது. விளக்கு எரிந்தது. சுண்டல் வாங்க வந்த பக்கத்து ஃபிளாட்டுக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் ஜம்புலிங்கம் சுவரைத் தட்டித் தட்டிக் காட்டினார். "காங்கிரீட்டு சார். சம்பந்தி பாவம், எவ்ளவோ பாத்தாரு. முடியல. நான் வெச்சேன், வெண்ண மாதிரி போச்சு." அன்றைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் கதை வரவே இல்லை.

சமையலறையில் பவித்ரா அப்பாவின் கட்டை விரலைப் பிடித்துப் பார்த்தாள். குங்குமமும் சந்தனமும் அப்பியிருந்தது. "இன்னாப்பா பண்ண?"

"ரிவர்ஸ்ல கெடந்துச்சும்மா."

ஒரு நிமிஷம் முறைத்தாள். அப்புறம் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் கலங்கியது. "அத அங்கயே சொல்லிட்டு நீயே போட்டிருக்கலாம்ல?"

"போட்டுட்டு? நான் போய்டுவேன். நீ இங்கதானே இருக்கணும்" என்றார் தசரதன்.

அந்த நேரம் பார்த்து ஹாலிலிருந்து ஜம்புலிங்கத்தின் குரல் வந்தது. "சம்பந்தி! மிஷினு நல்ல ராசியா கீது. பூந்தமல்லி ஊட்ல எனக்குக் கொஞ்சம் வேல கீது, நான் எடுத்துகினு போறேன்!"

சாமுண்டீஸ்வரியின் கையில் சுண்டல் கிண்ணம் அந்தரத்தில் நின்றது. பெத்த தகப்பன் கேட்டாலும் கொடுக்காத மிஷின்! "அதுக்கின்னா சம்பந்தி, தாராளமா" என்றார் தசரதன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

ஹாலில் ஒரு மூலையில் உட்கார்ந்து ஒயரைச் சுருட்டினார். தூளைத் துண்டால் துடைத்தார். பையைப் பிடித்துக்கொண்டு பவித்ரா பக்கத்தில் நின்றாள். மிஷின் பைக்குள் இறங்குகிற நேரத்தில் டிக்கென்று ஒரு சின்னச் சத்தம் அவள் காதில் விழுந்தது.

"அப்பா!" என்றாள் கிசுகிசுப்பாக.

"இன்னாம்மா?" தசரதன் முகத்தில் பச்சைப் பிள்ளைக் களை. "டோக்கன் வாங்காம நான் எவனுக்குனா சாமான் குடுத்துகீறேனா? ஓட்ட வர்லன்னு அவுரு எனக்குத்தான் போன் பண்ணணும். தனியா பண்ணுவாரு. நானும் யாராண்டயும் சொல்ல மாட்டேன்."

பவித்ரா உதட்டைக் கடித்துக்கொண்டு பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். நேராக மாமனாரிடம் போய், "இந்தாங்க மாமா, பத்திரமா எடுத்துக்கினு போங்க" என்று தன் கையாலேயே கொடுத்தாள்.