கண்ணாடி தமிழ் வாசிக்கிறது என்று நம்பினேன்

ஜெகன் செத்துப்போனான். விசுவமடுச் சந்தியில் போன் திருத்துகிற கடை வைத்திருந்த ஜெகன்...

நான் சொல்ல மகள் எழுதுகிறாள். எனக்கு வாசிக்கத் தெரியாது. வீட்டுக்கு வெளியில் அது தெரிந்த ஒரே ஆள் அவன்தான். இனி எல்லாருக்கும் தெரியட்டும்.

மருமகன் பிரான்சிலிருந்து ஒரு ஸ்மார்ட் கண்ணாடி அனுப்பியிருந்தார். முன்னால் இருக்கிற எழுத்தைக் காதுக்குள் வாசிக்குமாம். ஜெகன் அதை வாங்கிக் கிண்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

"அண்ணை, இதுக்குள்ள ஓடுற சிஸ்டத்துக்கு ஜப்பான் பாஷையும் தெரியும். தமிழ்தான் தெரியாது."

ஆனால் விடவில்லை. கண்ணாடிப் பொத்தானை அமத்தினால் அவனுக்கு வீடியோ கோல் போகிற மாதிரிச் செய்து தந்தான். நான் பஸ்ஸைப் பார்ப்பேன், அவன் கடையில் இருந்தபடி போர்டை வாசிப்பான்.

மாரி தொடங்க முதல், கொழும்பில் தன் மகளிடம் போகிறேன் என்றான். "புது அப்டேட் வந்திட்டுது அண்ணை. சிஸ்டம் இப்ப தமிழ் வாசிக்கும். இனி நான் தேவையில்லை."

அடுத்த நாளே காதுக்குள் ஒரு மெஷின் குரல். தேத்தண்ணிக் கடை முழுக்கப் பெருமையடித்தேன்.

சரியான மெதுவு. "கெதியா வாசி, சனியனே" என்று பஸ் தரிப்பிடத்தில் எத்தனை தரம் ஏசியிருப்பேன்...

ஒருநாள் அது, "இதில ஏறாதேங்கோ, பின்னால ஒண்டு வருது, அதில சனம் குறைவு" என்றது. எந்த பஸ் போர்டில் அப்படி எழுதியிருக்கும்? அப்போது எனக்கு உறைக்கவில்லை.

முந்தாநாள் கண்ணாடி பேசவில்லை. துடைத்தேன், சார்ஜ் போட்டேன். பின்னேரம் அவன் மனைவி ராணி போன் எடுத்தா.

"அண்ணை, இனி அது வாசிக்காது."

தொண்டையில் புற்றுநோய். கொழும்பும் இல்லை, மகளும் இல்லை... யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரி. ஒப்பரேஷனோடு குரல் போய்விட்டது. கட்டிலில் கிடந்தபடி, என் கண்ணாடி காட்டுவதைப் பார்த்துத் தன் போனில் தட்டியிருக்கிறான். போன் அதை எனக்குப் பேசியிருக்கிறது. சிஸ்டத்துக்கு இன்றைக்கும் தமிழ் தெரியாது.

எனக்குச் சொல்லக்கூடாது என்று ராணியிடம் சத்தியம் வாங்கினானாம். இங்கிருந்து யாழ்ப்பாணம் என்ன, கடல் தாண்டியா? வந்து பார்த்திருக்க மாட்டேனா?

இன்று செத்தவீட்டால் வரும்போது மகளோடு அவன் கடை முன்னால் நின்றேன். ஷட்டரில் ஒரு தாள். போன மாதமும் அதே தாளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "மாரி முடியக் கடை திறக்கப்படும்" என்று கண்ணாடி வாசித்தது.

மகள் வாசித்தாள். "கடை விற்பனைக்கு."

வேறு எதையெல்லாம் மாற்றி வாசித்தாய் ஜெகன்? அதை இனி யாரிடம் கேட்க?

கோபம் ஆறவில்லை...

கெதியா வாசி என்று இனி ஏச மாட்டேன். போயிட்டு வா.